நாங்கள் வெளியிடாத படம்

போன வாரம் நம் அலுவலகத்தில் நடந்த உங்கள் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ரிட்டயரான கிழவி, காபிக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். காபியும் நன்றாகத்தான் இருந்தது. சிறையில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேச்சு எடுத்ததும், "போட்டோ இருக்கா?" என்று நாலா பக்கமிருந்தும் கேட்டீர்கள். அவர் பெயரைக்கூட அதுவரை யாரும் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. தப்பென்று சொல்லவில்லை, நானும் அப்படிக் கேட்டுப் பழகியவள்தான். ஆனால் வீடு திரும்பும்போது ஃப்ரீவே முழுக்க எனக்கு ஒரே ஒரு படத்தின் ஞாபகம். அதை எழுதிவிடுகிறேன். தமிழ் படிக்க வராதவர்கள் அம்மாவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை என்ன வேலை பார்க்கிறது என்று அம்மாவுக்கும் தெரியட்டும்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நம் அலுவலகம் இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு இன்னும் வரவில்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஒரு லாண்டரிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. கீழே டிரையர் ஓடினால் மேலே மேஜை அதிரும். விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டவர்களுக்காகக் கடிதம் எழுதுவது, ஃபேக்ஸ் அனுப்புவது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுடைய அலுவலகக் கதவைத் தட்டுவது, இதுதான் வேலை. நான் ஈரோட்டுக்காரி. கணவருக்கு லிவர்மோரில் வேலை. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், உறை ஒட்டிக் கொடுக்கிறேன் என்று போய்ச் சேர்ந்தவள். பஞ்சாப் கேஸ்கள் வந்தபோது ஆபீசில் இந்தி தெரிந்த ஒரே ஆள் நான்தான். கல்யாணத்துக்கு முன் டெல்லியில் வேலை பார்த்தது அப்படிக் கைகொடுத்தது. உறை ஒட்ட வந்தவளை உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

பஞ்சாபில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருந்தது. பத்திரிகைகளும் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டன. ஆனால் அந்த வருஷங்களில் தடா சட்டத்தில் பிடிக்கப்பட்ட சீக்கியர்கள் பலர் உள்ளேயே கிடந்தார்கள். சட்டமே காலாவதி ஆகிவிட்டது, அதில் பிடிபட்டவர்களுக்கு மட்டும் வெளியே வர வழியில்லை. வழக்கும் நடக்காது, ஜாமீனும் கிடைக்காது. அவர்களை விடுதலை செய், இல்லையென்றால் ஒழுங்காக விசாரி என்பதுதான் எங்கள் கோரிக்கை.

இதற்கு நம்மவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. லிவர்மோர் கோயிலில் பிரசாத வரிசையில் ஒரு அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பஸ்ஸை நிறுத்தி, ஆளுங்களை எறக்கிச் சுட்டாங்களே, அவங்களுக்கா நீ கேம்பெய்ன் பண்றே?"

"சுட்டவனை விடச் சொல்லலைங்க அங்கிள். உள்ளே இருக்கறவங்க சுட்டாங்கன்னா கோர்ட்ல ப்ரூவ் பண்ணட்டும். இத்தனை வருஷமா ப்ரூவும் பண்ணாம, விடவும் விடாம வெச்சிருக்காங்களே, அதைத்தான் கேக்கறேன்."

"அது சரிம்மா. ஆனா நமக்கெதுக்கு?"

புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது. காரில் ஏறியதும் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு கேட்டதும் நியாயந்தான், நீ சொன்னதும் நியாயந்தான். புளியோதரை மிச்சம் இருக்கா?" என்றார். அவரோடு நான் குடித்தனம் நடத்திய லட்சணம் அது.

அங்கிள் "அவங்க" என்றாரே, அதில் எனக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. குல்வந்த். பஞ்சாபில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர். போலீஸ் பிடித்துப் போய்த் திரும்பி வராத பையன்களின் பெயர்களைக் கூட்டம் போட்டு வாசித்தார். தனி நாடு கேட்டும் பேசினார், அதை நான் மறைக்க மாட்டேன், அவர் மனைவியும் மறைக்கவில்லை. துப்பாக்கி எடுத்தார் என்று போலீஸ்கூடச் சொல்லவில்லை. பேசியதற்கு உள்ளே போனவர்.

அவர் மனைவி அமர்ஜீத் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் ஸ்பான்சர் செய்து இங்கே வந்திருந்தாள். மில்பிடாஸில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு கோக்கும் வேலை. குட்டிக் குட்டிப் பாகங்களை இடுக்கியால் எடுத்துப் பொருத்திப் பொருத்தி, பேசும்போதுகூட விரல் நுனிகள் எதையோ பிடித்திருப்பது போலவே இருக்கும். அதிகம் பேச மாட்டாள். பேசினால் பஞ்சாபியில் பேசுவாள், நான் இந்தியில் பதில் சொல்வேன். ஒருவருக்கொருவர் நன்றாகவே புரிந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

குல்வந்துக்குச் சிறையில் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பிறகு ஒரு நாள் அவருடைய வக்கீல், அமெரிக்காவுக்கு வந்த ஒருவரிடம் ஒரு படத்தை நெகட்டிவோடு கொடுத்தனுப்பினார். வார்டுக்குள் போனபோது அவரே திருட்டுத்தனமாக எடுத்த படம். உபயோகப்படுத்துங்கள், என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று சொல்லி விட்டிருந்தார்.

இரும்புக் கட்டில். அதில் எலும்பும் தோலுமாக ஒருத்தர். கணுக்காலில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை கட்டில் காலில். நடக்கவே முடியாத மனுஷனைக் கட்டிலோடு பிணைத்திருந்தார்கள். அதைவிட முதலில் கண்ணில் பட்டது தலை. தலைப்பாகை இல்லை. கூந்தலை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தாடியையும் கத்தரித்திருந்தார்கள். கேமராவைப் பார்க்காமல், ஒரு கையைத் தூக்கித் தலையை மறைக்கப் பார்த்திருக்கிறார். கை பாதி வழிதான் வந்திருந்தது.

தலைமுடியை வாழ்நாளில் வெட்டாதவர் அவர். அது அவர்களுக்கு வெறும் முடி இல்லை, குருவுக்குக் கொடுத்த வாக்கு. வெளியாள் ஒருவர்கூட அவரை வெறுந்தலையோடு பார்த்ததில்லை. இது எனக்கு அன்றைக்குத் தெரியும். தெரிந்தும், படத்தைக் கையில் வாங்கியவுடன் என் மனசு சொன்னது: கிடைத்துவிட்டது.

வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் இந்தக் கைதிகளைப் பற்றி ஒரு கூட்டம் நடத்துவதாக இருந்தார். அவருடைய உதவியாளர், நல்ல பையன், எங்களுக்காக நிஜமாகவே மெனக்கெட்டவன், ஃபோனில் துள்ளினான். "இந்தப் படத்தைப் பெரிதாக்கி மேடையில் வைப்பேன். ஒரு பெரிய பத்திரிகை நிருபர் வருகிறார். படம் இருந்தால் முதல் பக்கத்துக்குக்கூடப் போகும். இந்திய அரசு அவரை ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்காவது மாற்றியே ஆகணும். நாளை மறுநாள் என் கையில் இருக்கணும்." அதாவது அன்று சாயங்காலம் கூரியர் கடை மூடுவதற்குள் அனுப்ப வேண்டும்.

அமர்ஜீத் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம் பார்த்து ஹேவர்டில் அவள் வீட்டுக்குப் போனேன். படத்தை அவள் அதுவரை பார்க்கவில்லை. பார்த்தாள். சங்கிலியைத் தொட்டாள். பிறகு தன் துப்பட்டாவின் நுனியை எடுத்து, படத்தில் இருந்த தலைமேல் வைத்து மூடினாள்.

"இதை வெளிய குடுக்க வேண்டாம் பெஹன்ஜி," என்றாள். என்னை அவள் பெஹன்ஜி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

உதவியாளர் சொன்னதையெல்லாம் சொன்னேன். நல்ல ஆஸ்பத்திரி, முதல் பக்கம், எல்லாம். தலையை மட்டும் ஆட்டினாள். சரி, தலையை வெட்டிவிட்டுக் காலையும் சங்கிலியையும் மட்டும் கொடுக்கலாமா என்று அங்கிருந்தே உதவியாளருக்கு ஃபோன் போட்டேன். "முகம் இல்லாத கால் யாருடைய காலாகவும் இருக்கலாம். தூதரகம் முதல் கேள்வியிலேயே கிழித்துவிடும்," என்றான். அவன் சொன்னது உண்மை.

காரணத்தை அமர்ஜீத் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதம், மானம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கே மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே என் கையையும் விடாமல் பிடித்திருந்தாள். வேறு வழி கண்டுபிடித்துக் கொடு என்பது போல.

வேறு வழியோடு வந்தவன் ஜஸ்பீர். எங்கள் பஞ்சாப் கமிட்டியில் இருந்தவன், சான்டா கிளாராவில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மத்தியானமே என்னிடமிருந்து விஷயம் கேட்டு, வெறுந்தலைப் படத்துக்கு அமர்ஜீத் சம்மதிக்க மாட்டாள் என்று சொல்லி, படத்தின் நகலையும் வாங்கிப் போயிருந்தான். இப்போது ஒரு உறையோடு அமர்ஜீத் வீட்டுப் படியேறி வந்தான்.

"அக்காஜி, பாருங்க. பிரச்சினை சால்வ்டு."

அதே படம். அதே கட்டில், அதே சங்கிலி. ஆனால் குல்வந்தின் தலையில் கருநீலத் தலைப்பாகை. முகத்தில் முழுத் தாடி. கம்பெனி கம்ப்யூட்டரில், பழைய கல்லூரி போட்டோவிலிருந்து எடுத்துப் பொருத்தியிருந்தான். நிழல், மடிப்பு எதுவும் பிசகவில்லை. இந்தக் காலத்தில் உங்கள் போனிலேயே இதைச் செய்து விளையாடுகிறீர்கள். அன்றைக்கு எனக்கு அது மாயம் மாதிரி இருந்தது.

அமர்ஜீத் அந்தப் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதற்கு முன் அவள் அழுது நான் பார்த்ததில்லை. "இவர்தான்," என்றாள். "இவர் இப்படித்தான் இருப்பார். இதைக் குடுங்க பெஹன்ஜி, இதைக் குடுங்க."

ஜஸ்பீர் கார் சாவியை எடுத்துவிட்டான். "கிளம்புங்க. கூரியர் மூடிடுவான்."

பிள்ளைகளே, நெருக்கடி என்பது கத்திக் கூச்சல் போட்டுக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள். அது சில சமயம் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் அறைக்குள் வரும். அந்த அறையில் சந்தோஷப்படாத ஒரே ஆள் நான்தான். எனக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் அவள் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அமர்ஜீத்தின் சமையலறைக்குள் போய்த் தலைவருக்கு ஃபோன் போட்டேன். எங்கள் அலுவலகத்தை நடத்தியவர் அவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களோடு பல வருஷம் போராடி, முதுகு கூனிப் போனவர். அன்றைக்கு டெக்ஸஸில் ஒரு அகதிகள் தடுப்பு முகாமுக்குப் போயிருந்தார். மூச்சு விடாமல் எல்லாம் சொன்னேன். நிஜப் படத்தை அனுப்பவா, மாற்றின படத்தை அனுப்பவா என்று கேட்டேன்.

"படம் யாருடையது?" என்றார்.

"வக்கீல் எடுத்தார்."

"எடுத்தது யார் என்று கேட்கவில்லை," என்று சொல்லிவிட்டு, "நீ அந்த வீட்டில் இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன். நீ எது செய்தாலும் நாளைக்கு நானும் அதையேதான் சொல்வேன்," என்றார். அவ்வளவுதான். அவரிடம் நான் கற்றது நிறைய. அன்றைக்கு அவர் எனக்கு விடை சொல்லாததைத்தான் இன்றுவரை பெரிதாக நினைக்கிறேன். கொஞ்ச நேரம் அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாலுக்குத் திரும்பி வந்து சொன்னேன். "இந்தப் படத்தை அனுப்ப முடியாது."

"ஏன்? இதுல என்ன பொய்?" என்றான் ஜஸ்பீர். "அவர் தலைப்பாகை கட்டறவர்தானே? அவங்க பிடுங்கினதை நான் திருப்பி வெச்சேன். அவ்வளவுதானே?"

"இந்தப் படத்துல எது நிஜம்?"

"சங்கிலி நிஜம்."

"அதைத்தான் சொல்றேன். தலைப்பாகை ஒட்டினதுன்னு எவனாவது ஒருத்தன் கண்டுபிடிச்சா, சங்கிலியும் ஒட்டினதுன்னு சொல்வான். அப்புறம் குல்வந்துக்கு மட்டும் இல்லை, உள்ளே இருக்கற எல்லாருக்கும் போச்சு. நாம இனிமே உண்மைப் படமே காட்டினாலும் ஒருத்தன் நம்ப மாட்டான். முடிவெட்டினதே அவங்க செஞ்ச கொடுமை. நீ அந்தக் கொடுமையையும் சேர்த்து அழிச்சுட்டே."

"யார் கண்டுபிடிப்பா அக்காஜி?"

"அவரை அந்த வார்டுல தினமும் பார்க்கறவங்க கண்டுபிடிப்பாங்க. முடி வெட்டினவனுக்குத் தெரியாதா?"

அமர்ஜீத் பக்கம் திரும்பினேன். நிஜப் படத்தை அனுப்ப அனுமதி கொடு என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அழுத்திக் கேட்டால் அந்த நிமிஷத்தில் சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள், அவ்வளவு நொறுங்கிப் போயிருந்தாள். புருஷன் உயிர் உன் கையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. இந்த வேலையில் உங்களுக்குக் கிடைக்கும் சம்மதங்களில் பாதி, ஆள் நொறுங்கிய நேரத்தில் கிடைப்பவை. அவற்றை வாங்காதீர்கள். அடுத்த நாள் காலையிலும் அவர் அதையே சொல்வாரா என்று பாருங்கள். எனக்கு அடுத்த நாள் காலை என்ற ஒன்று இல்லை, கூரியர் கடை மூடப் போகிறது. அதனால் ஏற்கெனவே தெளிவாக இருந்தபோது அவள் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டேன். நிஜப் படத்தையும் நெகட்டிவையும் அவள் கையில் கொடுத்தேன்.

"இது உங்களோடது. நீங்க சொல்லாம இது எங்கேயும் போகாது."

வார்டில் பார்த்ததை வக்கீல் எழுதித் தந்திருந்த வாக்குமூலத்தை மட்டும் அனுப்பினோம். வாஷிங்டன் கூட்டத்தில் அதை வாசித்தார்கள். நாற்காலிகள் பெரும்பாலும் காலி. நிருபர் பாதியில் எழுந்து போய்விட்டார் என்று உதவியாளர் சொன்னான். என்னைத் திட்டவில்லை. "படம் இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தக் குளிர்கால மழையில் வக்கீலிடமிருந்து ஃபோன் வந்தது. குல்வந்த் அதே வார்டில், அதே கட்டிலில் போய்விட்டார். நல்ல ஆஸ்பத்திரிக்கு மாற்றும் மனு அப்போதும் ஏதோ மேஜையில் கிடந்தது.

ஃபோனில் சொல்லக் கூடாது என்று மில்பிடாஸுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வைப்பர் போட்டும் ரோடு தெரியவில்லை, மழையா கண்ணீரா என்று அன்றைக்கு நான் பிரித்துப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிப் பெண்கள் கார் பார்க்கிங்கில் ஷெட்டுக்குக் கீழே நின்றிருந்தார்கள். அமர்ஜீத் என் காரைப் பார்த்தாள். கையில் இருந்த டப்பாவை மூடி, பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள்.

"ஃபோன் பண்ணாம வந்திருக்கீங்க," என்றாள்.

ஜஸ்பீர் எல்லோர் எதிரிலும் என்னிடம் கத்தினான். "உங்க நேர்மைதான் அவரைக் கொன்னுச்சு." படம் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? யாருக்கும் தெரியாது. பிழைத்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்த ராத்திரிகள் உண்டு. அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்குச் சௌகரியம் என்பதால்தான் அதை நம்பவில்லை. சரியான முடிவு எடுத்தால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் இந்த வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். அந்த முடிவை மறுபடியும் எடுக்கச் சொன்னால் அதையேதான் எடுப்பேன். எடுத்துவிட்டு மறுபடியும் அழுவேன்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, அமர்ஜீத் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். கீழே டிரையர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நிஜப் படம். வெறுந்தலையோடு.

"இதை எல்லாருக்கும் குடுங்க," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "நல்லா யோசிச்சீங்களா? அன்னைக்கு மானம்னு..."

"மானமா?" என்று என்னைப் பார்த்தாள். "நான் மானம்னு சொல்லலையே பெஹன்ஜி. அவர் வெளிய வருவார்னு நினைச்சேன். ஒரு நாள் இங்க வந்து, இந்த வீட்டுல உக்காந்து, பேப்பர்ல இந்தப் படத்தைப் பார்ப்பார். தலையை மறைக்கக் கை தூக்கினாரே, அந்தக் கையையும் மீறி என் பொண்டாட்டி ஊருக்கே காட்டினாளான்னு நினைப்பார். அதுக்குத்தான் பயந்தேன். இப்ப அவர் பார்க்க மாட்டாரே."

நான் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். இத்தனை நாளும் அவள் மானத்தைப் பார்த்தாள், நாங்கள் உயிரைப் பார்த்தோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில், அவர் திரும்பி வருவார் என்று முழுசாக நம்பிய ஒரே ஆள் அவள்தான். நாங்களெல்லாம், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், சாகப்போகிறவருக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

"இன்னும் யார் யார் அந்த மாதிரி கட்டில்ல இருக்காங்க?" என்று கேட்டாள். சொன்னேன். வேறு சிறைகளில், வேறு ஆஸ்பத்திரிகளில், எங்களுக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னேன். "அவங்களுக்காகக் குடுங்க," என்றாள்.

ஜஸ்பீரைக் கூப்பிட்டோம். படத்தை ஸ்கேன் செய்ய வந்தவன், அதை எடுத்து மிஷினில் வைக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வைத்தான். ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவனுக்கும் எனக்கும் துக்கம் ஒன்றேதான்.

அந்த நல்ல உதவியாளர் படத்தை எடுத்துக்கொண்டு அலையாத இடமில்லை. செத்தவர் படம், பழைய செய்தி என்று பத்திரிகைகள் கையை விரித்துவிட்டன. முதல் பக்கமும் இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை. ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டு, கைதிகளுக்காக நாங்கள் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே இந்தியாவில் நேர்மையான வக்கீல்கள் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். நோயாளிக் கைதிகள் சிலருக்கு மெல்ல மெல்ல ஜாமீன் கிடைத்தது. அந்தப் படத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் உங்கள் கேஸ்களில் அப்படிச் சொல்லாதீர்கள். சிறைக் கதவை எத்தனையோ பேர் தள்ளுகிறார்கள், யார் தள்ளித் திறந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படி வெளியே வந்தவர்களில் ஒரு பெரியவர், பஞ்சாபின் வேறொரு மூலையில் சிறையில் இருந்தவர், ஒன்றிரண்டு வருஷம் கழித்து மகளைப் பார்க்க நாம் இருக்கும் பே ஏரியாவுக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் அவரைப் பேசச் சொன்னார்கள். எனக்கும் அழைப்பு. மெலிந்த மனுஷர், வெள்ளைத் தாடி, புதிதாகக் கட்டிய காவித் தலைப்பாகை. தான் பார்த்தே இராத மனிதர்கள் தனக்காகக் கடிதம் எழுதியதைச் சொல்லி மேடையில் அழுதார். குல்வந்தின் படத்தைத் தன் வக்கீல் கோர்ட்டில் நீதிபதியிடம் கொடுத்ததையும் சொன்னார்.

பிறகு லங்கர், எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தி. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே ரொட்டியைத் தட்டில் போட மாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ரொட்டியை பர்ஷாதா என்பார்கள். கூடையோடு "பர்ஷாதா ஜீ, பர்ஷாதா ஜீ" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் அமர்ஜீத்.

பெரியவர் என் பக்கம் குனிந்தார். "அந்தப் படத்துல இருந்தவரோட குடும்பம் இந்த ஊர்லதான் இருக்காம். அவங்க காலைத் தொட்டுக் கும்பிடாம நான் திரும்பிப் போகக் கூடாது. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

நிமிர்ந்து அமர்ஜீத்தைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்டுவிட்டது. என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தெரியும்," என்றேன் பெரியவரிடம். "நீங்க கேட்டதா சொல்றேன்."

பெரியவர் நன்றி சொல்லிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். அமர்ஜீத் அவர் எதிரில் நின்று, அந்தத் தலைப்பாகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு ரொட்டியை எடுத்துக் கையில் வைத்தாள். அதன்மேல் இன்னொன்றும் வைத்தாள்.

"போதும் மகளே," என்றார் அவர்.

"நல்லா சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்தவரிடம் "பர்ஷாதா ஜீ" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.